விளங்கிக்கொள்ளும் பாரம்

மனிதர் தம்முள் கருத்தைப் பரிமாறிக்கொள்ளும் செயல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை மொழியியலாரும் உளவியலாரும் பொறியியலாரும் தத்தம் துறை நின்று ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சிகள் பயனுடையனவே. ஆயினும் அவற்றுட் பல, ஒரு வினாவைத் தொடாமலே சென்றுவிடுகின்றன. ஒருவர் கூற மற்றொருவர் கேட்கும்போது, விளங்கிக்கொள்ளுதல் என்னும் உழைப்பை யார் செய்கிறார்? அப்பாரம் இருவர் தோளிலும் ஒப்ப ஏற்றப்பட்டுள்ளதா? இல்லையெனின், அதனை யார் தலையிலே சமுதாயம் ஏற்றி வைத்திருக்கிறது? மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மொழி பற்றிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் இது நீதி பற்றிய வினா என்பதே நமது கருத்து. அக்கருத்தை யாழ்ப்பாணச் சமுதாயத்தின் அநுபவத்தைக் கொண்டே ஆராய முற்படுகிறோம்.

கருத்துப் பரிமாற்றம் பற்றி நம்மிடையே வழங்கும் எண்ணம் மிகவும் எளியது. கூறுவோன் உள்ளத்தில் ஒரு கருத்து இருக்கிறது. அவன் அதனைச் சொல் என்னும் பாத்திரத்தில் வார்க்கிறான். கேட்போன் அதனை வாங்கித் தன் உள்ளத்தில் ஊற்றிக்கொள்கிறான். குடத்திலிருந்து குடத்துக்கு நீர் மாற்றுவது போன்ற செயல் இது. நமது வகுப்பறைகள் பலவும் இவ்வெண்ணத்தின் மீதே கட்டப்பட்டுள்ளன. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே கடைமாணாக்கரை இல்லிக்குடத்துக்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் நெய்யரிக்கும் ஒப்பிட்டதை ஆசிரியர்கள் சுவைபட எடுத்துக் கூறுவர். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு வார்த்தாலும் நில்லாது என்பது அவர்தம் முறையீடு. ஆயின் அதே பாயிரம், ஆசிரியராகத் தகாதார்க்கும் நான்கு உவமைகள் கூறுகிறது: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. இவற்றை விரைவாகக் கடந்துவிடுவதே வழக்கம். மடற்பனையை யாழ்ப்பாணத்தவர்க்கு விளக்கவேண்டியதில்லை. கருக்கு மட்டைகள் சூழ நிற்கும் பனை எவரையும் ஏறவிடாது. பழம் தானாக விழுந்தாலன்றிப் பெறுவதற்கில்லை. விளங்காமைக்குக் கேட்போன் மட்டுமே பொறுப்பல்லன் என்பதைப் பவணந்தியார் அறிந்திருந்தார். நாமோ அவர் கூறியதிற் பாதியை மட்டும் நினைவிற் கொண்டோம்.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்வெளிய எண்ணத்துக்கு அறிவியற் போர்வையும் கிடைத்தது. 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே பெல் தொலைபேசி ஆய்வுகூடத்திற் பணியாற்றிய கிளாட் ஷனன் தொடர்பாடலுக்கு ஒரு கணிதக் கோட்பாட்டை வெளியிட்டார். அனுப்புநர், வழி, இடையிலே புகும் இரைச்சல், பெறுநர் என அது விரியும். இன்றைய கணிப்பொறியும் கைத்தொலைபேசியும் இயங்குவதற்கு அக்கோட்பாடு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயின் செய்தியின் பொருள் தமது பொறியியற் பிரச்சினைக்கு வெளியேயுள்ளது என்பதை ஷனனே தெளிவாகக் கூறிவைத்தார். கம்பி வழியே எத்தனை குறிகள் சிதையாமற் செல்லும் என்பதே அவர் ஆராய்ந்தது. அவற்றைப் பெற்றவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதை அவர் ஆராயவில்லை. அவருக்குப் பின் வந்தோர் பலர் அவ்வெச்சரிக்கையை மறந்து, வழி செம்மையானால் விளக்கமும் செம்மையாகும் என்று எண்ணத் தலைப்பட்டனர்.

பொருள் எங்கே பிறக்கிறது? தொல்காப்பியர் உரியியலிலே, சொல்லின் பொருளை உணரும் வாயில் உணர்வோரது ஆற்றலைப் பொறுத்தது என்னும் கருத்துப்பட ஒரு சூத்திரம் செய்துள்ளார். சொல்லுவோன் திறத்தைப் பற்றியே நூல்கள் பேசும் உலகிலே, கேட்போன் திறத்தின்மீது பார்வையைத் திருப்பிய அவ்விலக்கணியின் கூர்மை வியக்கத்தக்கது. நமது அன்றாட வழக்கிலேயே இதற்குச் சான்றுண்டு. தமிழகத்து நண்பர் ஒருவர், 'அவர் என்னோடு நெடுநேரம் பேசினார்' என்றால் மகிழ்ச்சியாகக் கூறுகிறார் என்பது பொருள். யாழ்ப்பாணத்து மாணவன், 'வாத்தியார் என்னைப் பேசிப்போட்டார்' என்றால் அவன் ஏச்சு வாங்கினான் என்பது பொருள். நாம் உரையாடுவதைக் 'கதைத்தல்' என்போம். தமிழகத்தார்க்கு அச்சொல் இல்லாததைப் புனைந்து கூறுவதை நினைவூட்டும். 'பறையாமல் இரு' என்று ஒரு மூதாட்டி பேரனை அடக்குவாளாயின், இளந்தலைமுறையினர் சிலரே ஒருகணம் திகைப்பர். சொல் ஒன்றுதான், அது விழும் நிலம் வேறு. சொல்லை விளங்கவைப்பது அந்நிலமே. அந்நிலம் கூட்டு வாழ்க்கையாலும் கூட்டு உழைப்பாலும் பண்படுத்தப்படுவது.

மொழி, மனிதர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ள நேர்ந்த தேவையினின்றே எழுந்தது என மார்க்ஸும் எங்கெல்ஸும் 'ஜெர்மன் கருத்தியல்' என்னும் நூலிலே குறித்தனர். நமது தோட்டங்களிலே அவ்வுண்மை கண்கூடாக நின்றது. நீர் இறைக்கும் இயந்திரங்கள் பரவுமுன்னர், யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலே துலாவினால் நீர் இறைக்கப்பட்டது. துலாவின்மீது முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பவர், கிணற்றடியில் நின்று பட்டை பிடிப்பவர், வாய்க்கால்வழி வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் கட்டுபவர் என மூவகைப்பட்டோர் கூடிச் செய்த தொழில் அது. ஒருவர் ஒரு குரல் கொடுத்தால் மற்றையோர்க்கு முழுச்செய்தியும் விளங்கிவிடும். நீண்ட விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மேலே மிதிப்பவரின் உயிர் கீழே நிற்பவரின் கவனத்தைப் பொறுத்திருந்தமையால், ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ளும் கடமை இயல்பாகவே ஒப்பப் பங்கிடப்பட்டது. கருத்துப் பரிமாற்றத்தின் செம்மையான வடிவம் எதுவெனின், இதுபோன்ற கூட்டுழைப்பையே நாம் சுட்டுவோம்.

ஆயின் அதே தோட்டத்தின் வேலியோரத்திலே இன்னொரு வகைப் பேச்சும் நிகழ்ந்தது. நிலத்துக்கு உடையவர் வந்து நிற்பார். இறைத்துக் களைத்தவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'நயினார்' என்பார். அவர் முதியவராயினும், உடையவர் வீட்டுச் சிறுவன் அவரை 'நீ' என்பான்; பெயர் சொல்லி அழைப்பான். யாழ்ப்பாணத் தமிழிலே 'நீ', 'நீர்', 'நீங்கள்' என முன்னிலைக்கு மூன்று படிகள் உள்ளன. ஒருவரைப் பன்மையாற் கூறும் உயர்சொல், வழக்கினால் ஆகியதேயன்றி இலக்கண நெறியால் ஆகியதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. அதாவது, யாருக்கு 'நீங்கள்', யாருக்கு 'நீ' என்பதை விதித்தது இலக்கணமன்று, சமுதாயமே விதித்தது. நமது நாட்டிலே அவ்விதிக்கு வயது முதன்மையான அளவுகோலாக இருக்கவில்லை. சாதியும் சொத்துமே அளவுகோலாக இருந்தன.

இங்கே விளங்கிக்கொள்ளும் பாரம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஊன்றி நோக்குக. உடையவரின் முகக்குறிப்பு, குரலின் ஏற்ற இறக்கம், சொல்லாமல் விட்ட சொல் ஆகிய அனைத்தையும் உழைப்பவர் படித்தறிய வேண்டியிருந்தது. அறியத் தவறினால் அன்றைய கூலி போகும். சில வேளை குடியிருக்கும் கொட்டிலும் போகும். உடையவரோ உழைப்பவரின் உள்ளத்தை அறியவேண்டிய தேவையற்றவராக இருந்தார். அவர் அறியாமையின் விலையை அவர் செலுத்தவில்லை. ஆகவே ஒடுக்கப்பட்டவர் ஒடுக்குபவரின் மொழியையும் மனத்தையும் நன்கு கற்றவராகவும், ஒடுக்குபவர் அடுத்த குடிசையின் வாழ்வையே அறியாதவராகவும் வாழ்ந்தனர். பின்னர் அவ்வறியாமைக்கே உயர்வு என்றும், அவ்வறிவுக்கே பணிவு என்றும் பெயரிடப்பட்டது.

இதன் கொடிய முரண்பாட்டைப் பறையிலே காணலாம். ஊருக்குச் சாவைச் சாற்றுவது பறை. அதன் ஒலி வேலிகளைக் கடந்து எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தது. அதனை அடித்தவர் எந்த வீட்டுக்குள்ளும் புகமுடியவில்லை. ஊரின் செய்தியைச் சுமந்தவர்க்குத் தம் செய்தியைக் கூறும் உரிமை இருக்கவில்லை. செய்தி செல்லும் வழியாக மனிதனைக் கொள்ளலாம், பேசும் மனிதனாகக் கொள்ளலாகாது என்பது அச்சமுதாயத்தின் எழுதாச் சட்டம். பறைதல் என்றால் பேசுதல் என்று பொருள்படும் ஒரு மொழியிலே இது நடந்தது.

பாடசாலையும் இதற்கு விலக்காகவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் நிலத்திலே இருத்தப்பட்டனர். ஏனையோர் வாங்கில் இருந்தனர். 1920களின் இறுதியிலே சம ஆசனம் வழங்கவேண்டுமென்ற கோரிக்கை வலுப்பெற்றபோது எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. சில பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டதும் யாழ்ப்பாண வரலாற்றின் ஒரு பகுதியே. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், சம ஆசனத்துக்காகவும் சமபந்தி போசனத்துக்காகவும் குரல் கொடுத்தது. ஆசிரியர் கூறும் பாடம் வாங்கிலிருப்பவன் காதிலும் நிலத்திலிருப்பவன் காதிலும் ஒன்றாகவே விழும், பின் ஆசனத்துக்காக ஏன் போராட வேண்டும் என்று அக்காலத்தில் வினவியோர் இருந்திருக்கலாம். பாடத்தின் சொற்கள் ஒன்றே. ஆனால் நிலத்திலிருந்த பிள்ளை சொற்களுக்கு முன்னர் இன்னொரு பாடத்தைக் கற்றுவிட்டது. 'நீ கேட்கப் பிறந்தவன்; வினவப் பிறந்தவனல்லன்' என்பதே அப்பாடம். ஆசனமும் கருத்துப் பரிமாற்றத்தின் ஓர் உறுப்பு என்பதை அப்போராட்டம் நிலைநாட்டியது.

பின்னர் இப்போராட்டம் இலக்கியத்துக்குள் நுழைந்தது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றியது. கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர், அதுவரை இலக்கியம் கண்டிராத மாந்தரைத் தம் கதைகளுட் கொண்டுவந்தனர்; அம்மாந்தரை அவர்தம் மொழியிலேயே பேசவும் வைத்தனர். ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. 1960களின் முற்பகுதியில் மரபுப் போராட்டம் எனப்பட்ட விவாதம் மூண்டது. பேச்சுவழக்கிலே கதை எழுதுவது மரபைக் கொல்வதாகும், அஃது இழிசனர் வழக்கு என்று பண்டிதர் சிலர் கண்டித்தனர். மண்ணின் மக்களுடைய மொழியிலன்றி அம்மக்களின் வாழ்வைக் காட்டவியலாது என்று முற்போக்கு அணியினர் விடையிறுத்தனர்.

இவ்விவாதம் மொழித்தூய்மை பற்றியதென்றே பொதுவாகக் கூறப்படும். நாம் இதனை விளங்கிக்கொள்ளும் பாரம் பற்றிய விவாதமாகக் காண்கிறோம். பல தலைமுறைகளாகக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடந்தது. ஒடுக்கப்பட்டோர் கோயில் வீதிக்கு அப்பால் நின்று காதில் விழுந்ததைக் கேட்டு விளங்க முயன்றனர். அவர்க்கு அது விளங்கிற்றா என எவரும் கவலை கொண்டாரில்லை. இப்பொழுது முதன்முறையாக, கற்றோர் உட்கார்ந்து சீவற்றொழிலாளியின் பேச்சைப் படித்து விளங்க முயலவேண்டிய நிலை வந்தது. பாரம் தோள் மாறியது. அதன் கனத்தை உணர்ந்தபோது எழுந்த முனகலே 'இழிசனர் வழக்கு' என்னும் கூச்சலாயிற்று. 1929இல் லெனின்கிராட்டில் வெளிவந்த நூலொன்றில் வொலோஷினொவ் என்னும் அறிஞர், சொல் என்பது கூறுவோனுக்கும் கேட்போனுக்கும் பொதுவான இருமுகச் செயல் என்றும், வர்க்கங்கள் மோதும் களமாகச் சொல்லே அமைகிறது என்றும் வாதித்தார். அவர் நூலைப் படியாமலே நமது எழுத்தாளர்கள் அதனை மெய்ப்பித்தனர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒவ்வொருவரும் தத்தம் வழக்கிலேயே எழுதினால், நெடுந்தீவார் எழுதுவது ஹற்றனிலுள்ளார்க்கும், மட்டக்களப்பார் எழுதுவது மதுரையிலுள்ளார்க்கும் எவ்வாறு விளங்கும்? பொதுமொழி வேண்டாவா? வேண்டும் என்பதே நமது விடை. இக்கட்டுரையும் அப்பொதுமொழியிலேயே எழுதப்படுகிறது. தொழிலாளியின் மகன் விண்ணப்பம் எழுதவும், சட்டத்தைப் படிக்கவும், தன்னைப் போன்ற பிறரோடு நாடளாவ ஒன்றுசேரவும் செந்தரமான தமிழ் அவனுக்குத் தேவை. அதனை அவனுக்கு மறுப்பது முற்போக்கு ஆகாது. ஆயின் பொதுமொழியைக் கற்பிப்பது வேறு; வீட்டுமொழியை இழித்துரைப்பது வேறு. முன்னது பிள்ளைக்கு இன்னொரு வாயிலைத் திறக்கிறது. பின்னது அவன் வந்த வாயிலை மூடுகிறது. தன் தாயின் பேச்சு இழிந்தது என்று வகுப்பறையிற் கற்ற பிள்ளை, அதன்பின் அங்கே வாய் திறப்பதில்லை. அவ்வாய்மூடலை ஒழுக்கம் எனப் பாராட்டும் ஆசிரியர் இன்றும் உளர்.

இனி, அரசு என்னும் பெரிய வகுப்பறையைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. விளங்கிக்கொள்ளும் பாரம் முழுவதும் ஒரு சட்டத்தினால் ஓர் இனத்தின் தலையில் ஏற்றப்பட்டது. தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, வாசித்துச் சொல்வாரைத் தேடி அலைந்தோர் எத்தனை பேர்! 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. ஏட்டில் விதித்தது கந்தோர் மேசைக்கு வந்துசேரும் வேகமோ மிகக் குறைவு. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திலே கையொப்பமிடுபவனுக்கு அது தன் வாக்குமூலமாகாது; பிறர் கூற்றுக்குத் தன் பெயரை இரவல் கொடுத்தவனாவான்.

இதனைக் கூறும்போது இரண்டு உண்மைகளை மறைக்கலாகாது. முதலாவது, சிங்களக் கிராமத்து ஏழை இளைஞனும் இதே பாரத்தைச் சுமந்தவனே. அவனை வேலையிலிருந்தும் மேற்கல்வியிலிருந்தும் தடுத்தது ஆங்கிலம். சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், எனப் பெயரிட்டனர். வெட்டுண்டவர் வைத்த பெயர் அது. இரண்டாவது, சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கண்டு கொதித்த யாழ்ப்பாணத்தவருட் பலர், தமது வேலிக்கப்பால் நின்றவரை 'நீ' என விளித்தபோது கொதிக்கவில்லை. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க் கடைகளிலே சிரட்டையும் போத்தலும் தனியே வைக்கப்பட்டிருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டமும் தமிழில் எழுப்பப்பட்ட குரல்களே. ஒரே மொழியைப் பேசியோர்க்குள் அக்குரல் விளங்கவில்லை. விளங்காமைக்கு மொழி வேறுபாடு மட்டுமே காரணமாயின் இஃது எவ்வாறு நிகழ்ந்தது? மேலிருந்து வரும் புறக்கணிப்பை அநீதி என்றும், கீழ்நோக்கித் தாம் செய்யும் புறக்கணிப்பை வழமை என்றும் கொள்வோர், தம் துயரத்திலிருந்து பாதிப் பாடமே கற்றவராவர்.

போர்க்காலம் நமக்கு வேறொரு பாடத்தையும் புகட்டியது. 1990இன் பின் மின்சாரமற்ற குடாநாட்டிலே, துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலிக்கு உயிரூட்டிச் செய்தி கேட்டனர் நம் மக்கள். பத்திரிகைத் தாள் கிடையாதபோது கொப்பித் தாளிலும் செய்தி அச்சாயிற்று. செய்திக்கான பசி சோற்றுக்கான பசிக்குக் குறைந்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆயின் கேட்பதற்கு அவ்வளவு பாடுபட்ட மக்கள், தம் மனத்திலுள்ளதைக் கூறுவதற்கு அஞ்சியே வாழ்ந்தனர். ஆயுதம் தாங்கிய எத்தரப்பும் மாற்றுக் கருத்தை விரும்பவில்லை. கேட்க மட்டும் இயன்று, கூற இயலாத நிலையில் கருத்துப் பரிமாற்றம் இல்லை. கட்டளை மட்டுமே உண்டு.

2009இல் போர் முடிந்தது. கூறுவதற்குரிய காலம் வந்தது என எண்ணினர் பலர். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தம் கதையைக் கூறவே செய்தனர். 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கூறினர். 2013இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன்னும் கூறினர். 2016இன் சட்டத்தினால் காணாமற் போனோர் அலுவலகமும் உருவாயிற்று. அதே பெயர், அதே திகதி, அதே இடம், அதே நிழற்படம். 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே அவர்கள் தொடர் போராட்டம் தொடங்கினர். விடை காணாமலே இறந்த தாய்மாரும் உளர்.

ஷனனின் கோட்பாட்டின்படி நோக்கினால் இங்கே குறை எதுவும் இல்லை. அனுப்புநர் உளர், வழியுண்டு, மொழிபெயர்ப்பாளரும் உளர், செய்தி பதிவாகியுள்ளது. ஆயினும் பரிமாற்றம் நிகழவில்லை. ஏனெனில் விளங்கிக்கொள்ளுதல் என்பது செய்தியைப் பதிவதோடு முடிவதன்று. ஒரு தாய் 'என் பிள்ளை எங்கே?' என வினவும்போது, அவ்வினாவை விளங்கிக்கொண்டவர் விடை கூறும் கடமைக்குள் வந்துவிடுகிறார். அக்கடமையை ஏற்க விரும்பாதவர்க்கு எளிய வழி, இன்னும் விளங்கவில்லை என்பது போல, மீண்டும் ஒருமுறை கூறும்படி கேட்பதே. அதிகாரத்தின் செவிட்டுத்தன்மை காதின் நோயன்று. அது விடைகூற மறுக்கும் ஒரு முறை.

இற்றைநாளில் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி உண்டு. கூறுவதற்கான வழிகள் முன்னெப்பொழுதும் இல்லாத அளவு பெருகியுள்ளன. அதனால் விளக்கம் பெருகியுள்ளதா என்பதை வாசகரே தம் அநுபவத்தைக் கொண்டு துணியலாம். எல்லோரும் கூறுவோராகிக் கேட்போர் அருகிவிட்ட சந்தையிலே, உரத்த குரலுக்கும் பணம் படைத்த குரலுக்கும் மட்டுமே செவிகள் திரும்புகின்றன. வழிகளைப் பெருக்குவதால் மட்டும் பாரம் ஒப்பப் பங்கிடப்படாது.

ஆதலின் ஆசிரியரும் மாணவரும் தம் பணியை இங்கிருந்தே தொடங்கலாம். விளங்காத மாணவனை இல்லிக்குடம் என்று தள்ளுமுன், நாம் மடற்பனையாக நிற்கிறோமா என வினவிக்கொள்ளுதல் முதற்கடமை. வகுப்பில் மௌனமாயிருக்கும் பிள்ளையை, கூற எதுவுமற்ற பிள்ளை எனக் கொள்ளாது, இதுவரை கேட்கப்படாத பிள்ளை எனக் கொள்ளுதல் இரண்டாவது. மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வடக்கிலே வேரூன்றிய குடும்பங்களின் பிள்ளைகள், தம் உச்சரிப்பு நகைக்கப்படும் என்னும் அச்சத்தினால் வாய் திறவாதிருப்பராயின், அந்நகைப்பை நிறுத்துவது இலக்கணம் கற்பித்தலினும் முந்திய கடமை. சிங்களம் கற்கும் தமிழ் மாணவரும் தமிழ் கற்கும் சிங்கள மாணவரும் பெருகவேண்டும். அரசின் ஆணைக்கு அஞ்சிக் கற்பதாக அல்லாமல், பாரத்தின் பாதியைத் தாமே ஏற்கும் மனத்தோடு கற்பதாக அது அமைதல் வேண்டும்.

எனினும் தனிமனிதர் நற்குணத்தால் மட்டும் இது நிறைவேறும் என நாம் கருதவில்லை. உடையவர் நல்லவராயிருந்த தோட்டங்களிலும் உழைப்பவர் 'நயினார்' என்றே கூறினார். நிலமும் அதிகாரமும் ஒருபக்கம் குவிந்திருக்கும்வரை, பலமற்றவர் விளங்கிக்கொள்பவராகவும் பலமுள்ளவர் விளங்கிக்கொள்ளப்படுபவராகவுமே இருப்பர். துலாவின்மீது மிதித்தவரும் கீழே பட்டை பிடித்தவரும் ஒருவர் குரலை ஒருவர் உடனே விளங்கிக்கொண்டதற்குக் காரணம், அத்தொழிலிலே ஒருவர் மற்றவரை நம்பியிருந்தமையே. அத்தகைய நிலையைத் தோட்டத்துக்கு வெளியே, பாடசாலையிலும் கோயிலிலும் கந்தோரிலும் பாராளுமன்றத்திலும் உருவாக்குவதற்கே சமத்துவம் என்று பெயர். மனிதர் மனிதரோடு உண்மையிலே பேசத்தொடங்குவதும் அங்கேதான்.